மேனேஜர் எந்த மாடியில்?

ஒரு மேனேஜரை மாடியிலிருந்து கீழே இறக்க எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஆனது.

நிஜ மேனேஜர் இல்லை. புத்தகத்தில் இருப்பவர். ஆனாலும் லேசில் இறங்கவில்லை.

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அடிக்கடி தலை காட்டுகிறவர்தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் ரங்கசாமி. மைசூரில் ஒரு பேங்கில் பியூன். காலையில் ஷட்டர் திறப்பார். ஃபைல் தூக்குவார். டீ கொண்டுவருவார். வேலையில் சேர்ந்தபோது மீசை கறுப்பு. இப்போது இல்லை.

பியூன்களுக்கு பேங்கில் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். தேறினால் கிளார்க். இவர் இதற்கு முன் இரண்டு தடவை எழுதிவிட்டார். கிடைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பரீட்சை.

இதுதான் கடைசி. பேங்கில் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருக்கிறது. இருக்கிற கிளார்க்கே அதிகம் என்று பேசுகிற காலம். இன்னொரு பரீட்சை வைப்பார்களா என்பதே சந்தேகம். வைத்தாலும் இவருக்கு வயது தாண்டிவிடும்.

கிளார்க் ஆனால் என்ன கிடைக்கும்? சம்பளம் ஏறும். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பேசியது ஒன்றுதான்.

"கவுண்ட்டர்ல ஒரு சேர் குடுப்பாங்க புள்ள. உக்காந்து வேலை செய்யலாம்."

பியூனுக்கும் ஸ்டூல் உண்டு. மேனேஜர் ரூம் வாசலில் கிடக்கும். நான் பேங்குக்குப் போன நாட்களில் இவர் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பக்கத்தில் நிற்பார்.

பரீட்சையில் கணக்கு வரும். அது இவருக்குப் பயமில்லை. இங்கிலீஷ் வரும். தட்டுத் தடுமாறிச் சமாளிப்பார். இரண்டு தடவையும் கவிழ்த்துவிட்டது மாடிதான்.

மாடி என்றால்? ஒரு கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஆள். இவர் அவருக்கு மேலே, அவர் இன்னொருவருக்குக் கீழே என்று துண்டு துண்டாகச் சொல்வார்கள். யார் எந்த மாடி என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே குடியிருக்கிறவர்களையே கேட்டுவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றும். அதற்கு மார்க் கிடையாதாம்.

நான் சத்தியமங்கலத்தில் அஞ்சாவது வரை படித்தவள். தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதனால் கேள்வியை இவர் இங்கிலீஷில் வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்வார். வாய்விட்டுச் சொன்னால் மனதில் நிற்கிறதாம். நான் அவரைக்காய் உரித்தபடி கேட்பேன்.

அன்றைக்கு இப்படி ஆரம்பித்தார்.

"அஞ்சு மாடி. அடி மாடிக்கு ஒண்ணாம் நம்பர், உச்சிக்கு அஞ்சு. மேனேஜர், டாக்டர், டீச்சர், டிரைவர், டெய்லர்... அஞ்சு பேரு."

"செரி."

"டீச்சர் நடு மாடி. மேனேஜர் டாக்டருக்கு நேர் கீழ. டிரைவர் டீச்சருக்கு மேல எங்கியோ. டெய்லர் டிரைவருக்கு நேர் கீழ. அடி மாடியில ஆருன்னு கேக்கறான்."

பேப்பரில் ஐந்து கோடு போட்டார். உச்சியில் டாக்டர். அதற்குக் கீழே மேனேஜர். நடுவில் டீச்சர். அப்புறம் பென்சில் நின்றுவிட்டது.

"டிரைவருக்கு எடமில்லையே புள்ள."

"டீச்சருக்கு மேலன்னு சொன்னீங்களே?"

"மேல டாக்டரும் மேனேஜரும் இருக்காங்க."

"அப்ப அவிங்க ரெண்டு பேரையும் கீழ எறக்குங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை... யாரையோ கை நீட்டி அடிக்கச் சொன்னதுபோல் இருந்தது.

"மேனேஜரையா?"

"ஆமாங்க."

"டாக்டர் உச்சியில. செரி. டாக்டர் பெரியவரு. அவருக்குக் கீழ மேனேஜர். அதும் செரி. டிரைவர் எப்படிப் புள்ள மேனேஜருக்கு மேல இருப்பான்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு வழி சொன்னார்.

"மொட்டை மாடியில ஒரு ரூம் போட்டு டிரைவரைக் குடி வெச்சிட்டா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவேதான் கேட்டிருக்கிறார்.

புரிகிறதா? கணக்கு தெரியாமல் இல்லை. கை வரவில்லை. இத்தனை வருஷம் மேனேஜருக்கு முன்னால் நின்ற ஆள். பேப்பரில்கூட அவரைக் கீழே வைக்க மனசு ஒப்பவில்லை.

மேல், கீழ் என்று யாரும் நமக்கு உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. அது தானாக உடம்பில் ஏறிவிடுகிறது. ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மொய் வைத்தாயிற்று. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தும் ஆயிற்று. எதிர்வரிசையில் பேங்க் ஆபீசர் வந்து உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கிறேன்... இவர் இலைக்கு முன்னால் ஆள் இல்லை. எழுந்து போய் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறார். சமையல்காரர்களே யார் இந்த ஆள் என்று பார்த்தார்கள்.

நான் மட்டும் என்ன? விஜயநகரில் ஒரு வீட்டில் சமைக்கிறேன். அந்த வீட்டு சோபாவைத் தினமும் துடைக்கிறேன். ஒரு தடவை உட்கார்ந்திருப்பேனா? உட்காராதே என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த வீட்டையே இவருக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"எங்க ஐயாவுக்கு முட்டி வலி. கீழ இருக்காரு. மாடியில வாடகைக்கு விட்டிருக்காரு. அதுக்கும் மேல, ஷீட்டு போட்ட ரூம்ல டிரைவர். ஐயா தலைக்கு மேலதான் டிரைவர் காலை நீட்டித் தூங்கறான். ஐயா கோவிச்சுக்கறாரா?"

"அது வீடு. இது கொஸ்டீன்."

நான் அவரைக்காய்க்கே திரும்பிவிட்டேன்.

அவருடைய மேனேஜர் கெட்டவராக இருந்தாலாவது சுலபம். நல்ல மனிதர். படிக்கட்டும் என்று சாயங்காலம் சீக்கிரம் விடுகிறார். அதுவே வினையாகிவிட்டது. புத்தகத்தில் மேனேஜர் என்று வந்தாலே இவருக்கு அந்த முகம்தான் தெரிகிறது.

கிளார்க்குகள் வேறு மாதிரி. ஒரு பையன், எங்கள் மகன் வயது, கேட்டானாம். "ஏன் ரங்கசாமி, நீயும் கிளார்க் ஆயிட்டா நமக்கு டீ யாருப்பா கொண்டாருவா?" எல்லோரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து சொன்னபோது சிரிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேப்பரை இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"மேனேஜரை எடுத்துடுங்க. அந்த எடத்துல எந்தம்பி பழனி இருக்கான்னு வெச்சுக்கங்க."

பழனிக்கும் இவருக்கும் ஆகாது. எங்கள் கல்யாணத்தில் ஆரம்பித்தது. அந்தக் கதையை முன்பே எழுதியிருக்கிறேன்... எழுதி, அம்மா வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுபடி வேண்டாம்.

பென்சில் பறந்தது.

"உந்தம்பிக்கு அடி மாடிதான். அதுக்கும் கீழ ஒரு மாடி இருந்தா அங்க வெப்பேன்."

பழனி ஒன்றில். அவனுக்கு மேலே டாக்டர். நடுவில் டீச்சர். நாலில் டெய்லர். உச்சியில் டிரைவர். எல்லாம் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை பார்த்தார். சரி.

அதற்கப்புறம் பெரிய மனிதர் யார் வந்தாலும் பழனிதான். ஒரு கேள்வியில் பழனி கலெக்டர். இன்னொன்றில் ஜட்ஜ். இன்னொன்றில் நாலாவது மாடியில் இருக்கும் இன்ஜினீயர், அவனுக்குக் காபி பிடிக்காது. "அவனுக்கா புடிக்காது? மூணு டம்ளர் குடிப்பானே" என்று இவர் முணுமுணுப்பார். ஆனால் விடை சரியாக வந்தது.

எனக்கு நிம்மதி. அவருக்கு இல்லை.

"ஏம்புள்ள, பரீட்சை ஹால்ல மேற்பார்வைக்கு எங்க மேனேஜரே வந்து நின்னுட்டா? அவரை வெச்சிக்கிட்டு பழனி நெனப்பு வருமா?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனார். காக்கி வேண்டாம் என்று வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். அதைப் போட்டதும் ஏதோ இரவல் சட்டை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. எழுதுகிற அத்தனை பேரும் பல கிளைகளிலிருந்து வந்த பியூன்கள்.

சாயங்காலம் அக்ரஹாரம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேராக வந்தார்கள். கூட வந்தவன் நஞ்சுண்டன். கொள்ளேகால் பக்கம் ஒரு கிளையில் பியூன். பரீட்சையில் இவருக்குப் பின் பெஞ்சு. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று வந்தான்.

இவர் செருப்பைக் கழற்றினார். நானே கேட்டேன்.

"மாடி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"மேனேஜரு?"

"ஜெனரல் மேனேஜரே வந்தாரு."

"எங்க வெச்சீங்க?"

"அவரு எங்க இருக்கோணுமோ அங்க. ரெண்டாவது மாடி. அவருக்கு மேல பியூன்."

"பழனியை நெனச்சீங்களா?"

"இல்ல. அதுக்கெல்லாம் ஏது நேரம்."

அவ்வளவுதான். முகம் கழுவப் போனார்.

நஞ்சுண்டனுக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, அங்க ஒரு தமாஷ் நடந்துச்சு கேளுங்க" என்று ஆரம்பித்தான்.

பரீட்சை முடிய அரை மணி இருந்ததாம். மேற்பார்வைக்கு வந்த ஆபீசர் அதைச் சொல்ல நினைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்து மணியை அடிக்க அங்கே ஆள் இல்லை. பேங்கிலிருந்து ஒரு மேஜை மணி கொண்டுவந்திருந்தார். ஆபீசர்கள் மேஜையில் இருக்குமே, உள்ளங்கையால் தட்டுகிற மணி. பியூனைக் கூப்பிட. அதைத் தட்டிவிட்டார்.

"டங்குன்னு ஒரு சத்தம் அக்கா. அவ்ளோதான்... ஹாலே எந்திரிச்சிருச்சு!"

"எந்திரிச்சிருச்சா?"

"அத்தனை பேரும்! கடவுளே... பேனாவைப் போட்டுட்டு நிக்கறோம். நான் ரெண்டு பெஞ்சு தாண்டிட்டேன். 'ஏனு ஸார், என்ன வேணும்'னு வேற கேட்டுட்டேன். முன்னால ஒருத்தரு வாசலுக்கே போயிட்டாரு, டீ சொல்லத்தான் போனாரோ என்னமோ! ஆபீசருக்கு மொகமே செத்துப்போச்சு. உக்காருங்கப்பா, உக்காருங்கப்பான்னு கையெடுத்துக் கும்பிடறாரு."

சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமா என்று பாதியில் தோன்றியது.

இவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மணியா? எப்ப அடிச்சாங்க?"

நஞ்சுண்டன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"ரங்கண்ணா... நெஜமா கேக்கலியா?"

"ஜெனரல் மேனேஜரை எறக்கிட்டிருந்தேன்."

நஞ்சுண்டன் யோசித்துப் பார்த்தான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான். "ஆமாங்கக்கா. திரும்பி வந்து உக்காரும்போது பாத்தேன். இவரு மட்டும் குனிஞ்சு எழுதிட்டிருந்தாரு."

நான் டீ வைக்க உள்ளே போய்விட்டேன். பால் பொங்கி அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ரிசல்ட் வர நாளாகுமாம். ஆகட்டும்... எனக்கு அவசரமில்லை.