வீடில்லாத வரைபடம்

ஊருக்குத் திட்டம் போடக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. அந்த ஊர் அடுத்த வருஷம் அங்கே இருக்குமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவுமாக அலையும் சகபாவிகளுக்கு என் நிலைமை புரியும். எண்ணூர் கழிமுகத்தோரம் முப்பது சொச்சம் இருளர் குடும்பங்கள். குடிசை நிற்கும் மண்ணுக்குப் பட்டா இல்லை. ஊர்த் திட்டத்தை அவர்களே போட்டுக் கொடுத்தால் பட்டாவுக்குப் பார்க்கலாம் என்று கலெக்டர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிக் கூட்டம்

முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவருக்குக் காய்ச்சல். மற்றவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியபடி கரையேறினார் கன்னியம்மா. ஏன் வரவில்லை என்றேன். பறியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "தண்ணி வத்தி கீது சார், இப்பதான் கை எட்டும். கூட்டத்த தண்ணி ஏறினப்புறம் வெச்சிக்க."

சார்ட்

அப்படியே வைத்தேன். மூன்றாவது கூட்டத்தில் சார்ட்டை விரித்து, "உங்க ஊரை வரையுங்க" என்றேன். பயிற்சியாளர் பேனாவைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளிறால் எங்கே, நண்டு எங்கே, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறுகிய மடை எது, எந்த அலையாத்தி வேரடியில் இறால் குஞ்சு ஒதுங்கும் எல்லாம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பூரிப்பில் எதையும் சரிபார்க்கத் தோன்றவில்லை. கன்னியம்மா பேனாவை மூடினார்: "இதான் சார் எங்க ஊரு. ஒண்ணு வுடல."

அலுவலகம்

கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பார்த்தார். படம் முழுக்க விரலை ஓட்டிவிட்டு, "வீடு எங்கே?" என்றார்.

அப்போதுதான் நானும் தேடினேன். ஒரு வீடுகூட இல்லை. "குட்சை காத்துல போவும், திரும்பக் கட்டிக்குவோம். அத்த இன்னாத்துக்கு வரையணும்?" என்றார் கன்னியம்மா. வேறு படம் தருகிறோம் என்று கெஞ்சினேன். அதற்குள் அதிகாரி, 'மனுதாரர்கள் குடியிருப்பு எதையும் காட்டவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஃபைலை மூடிவிட்டு அலுப்போடு சொன்னார்: "பட்டா வீட்டுக்குத்தாம்மா குடுப்போம், தண்ணிக்கு இல்ல."

பஸ்ஸில்

பஸ் திருவொற்றியூர் தாண்டியது. தப்பு என்னுடையது என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நீ ஊர வரையச் சொன்ன, நாங்கோ வரைஞ்சோம். ஆளில்லாத எடம்னு அளந்து கல்லு நட வருவாங்கோ இல்ல, அப்ப எங்க போறதுன்னு மட்டும் சொல்லிக் குடு சார்."

என் கையேட்டில் அதற்குப் பாடம் இல்லாததால், நடத்திய பாடங்களுக்கு மட்டும் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தேன், மாட்டுவதற்குத்தான் அவர்களிடம் சுவர் இருக்காது.