கிட்டாருக்கு மூன்று சீட்டு

ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே திருவிழாக்களுக்கு வரும் ஓர் இசைக்குழுவை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் பாட்டுக் கேட்கப் போவார்கள். பாடகர்கள் நடுவில் டீ குடிக்க இறங்கும்போது கிட்டார்காரர் ஐந்து நிமிடம் தனியாக வாசிப்பார். நான் போனது அதற்கு. கிட்டார் அலறும், கெஞ்சும், ட்ரம்ஸ் அதைத் துரத்தும்.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த பிறகு கேட்க வாய்க்கவில்லை. போன வருடம் எங்கள் தெருப் பொங்கலுக்கு அதே குழு வந்தது. கிட்டார்காரருக்குத் தலைமுடி போய்விட்டது, விரல்கள் அப்படியே இருந்தன. ஆனால் தனி வாசிப்பை நிறுத்திவிட்டார்களாம். யாராவது சீட்டில் எழுதிக் கேட்டால்தான் உண்டு என்றார்கள்.

சீட்டுக் கொடுத்தால் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். ரேஷன் கடையில் என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்கு வியர்க்கும். அதனால் கிட்டார் தனி வாசிப்புக் கேட்டு வேறு பெயர்களில் மூன்று சீட்டு எழுதினேன். வன்னியம்பட்டி விவசாயிகள், தேவதானம் ராணுவ வீரர்கள், கூமாப்பட்டி இளைஞர் மன்றம். கையெழுத்தை இடமும் வலமுமாகச் சாய்த்து மாற்றினேன். யாரும் பார்க்காதபோது மேடையில் சீட்டுக்காக வைத்திருந்த தட்டில் போட்டுவிட்டு வந்து, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அறிவிப்பாளர் வாசித்தார். வன்னியம்பட்டி என்றதும் எங்கோ நான்கு பேர் விசில் அடித்தார்கள். ராணுவ வீரர்கள் என்றதும் ஒருவர் எழுந்து சல்யூட்டே வைத்தார். மூன்றாவது சீட்டில் அறிவிப்பாளர் நின்றுவிட்டார்.

"மூணும் ஒரே பச்சை மையிலல்லா இருக்கு? கூமாப்பட்டி இளைஞர் மன்றம் கையத் தூக்குங்க. தூக்குனாத்தான் வாசிப்பாவ."

ஒருவரும் தூக்கவில்லை. கிட்டார்காரர் தோளிலிருந்து வாரைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் முகம் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து கையைத் தூக்கினேன்.

"ஏட்டி, உக்காரு," என்றார் வீட்டுக்காரர்.

"யக்கா, மன்றத்துல நீங்க யாரு?" என்று மைக் கேட்டது.

"தலைவர்," என்றேன்.

"மத்த இளைஞர் எல்லாம் எங்க?"

வேறு வழி தெரியாமல் என் வீட்டுக்காரரைக் காட்டினேன். ஐம்பத்தெட்டு வயது. முறுக்கு நிறைந்த வாயோடு அவரும் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

கிட்டார்காரர் சிரித்துவிட்டு வாரைத் திரும்ப மாட்டினார். அன்று பத்து நிமிடத்துக்கு மேல் வாசித்தார். பின்வரிசையில் மறைக்கிறது என்று சத்தம் போட்டார்களாம். எனக்குக் கேட்கவில்லை. முடியும்வரை நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.