கொழும்பில் என் போன் காட்டிய மணி

பினாங்கில் சுற்றுலாக் கப்பலேறிக் கொழும்பு போனோம். இறங்கியதுமே என் ஓரகத்தி மாலா மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை வாங்கிவிட்டாள். எங்கள் ஊரான கோலா கெத்தில் கோயில் திருவிழாவில் இனி அவளைத்தானே பார்ப்பார்கள்! எனக்கு வயிறு எரிந்தது. கால் வலிக்கிறது, கப்பலுக்குப் போகிறேன் என்று நழுவி, அதைவிட நல்ல சேலை தேடி அதே தெருவில் கடைகடையாக ஏறினேன்.

மாலா போன் செய்தாள். "அக்கா, எங்க இருக்கீங்க? மணி மூணு! நாலுக்குக் கப்பல் கிளம்பிடும் லா!"

என் போனில் பன்னிரண்டரைதான். அவளுடையதைவிட நல்ல சேலை நான் வாங்கிவிடுவேன் என்று பதறுகிறாள் என நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

கப்பலில் மலேசிய நேரம். என் போன் தானாகவே இலங்கை நேரத்துக்கு மாறியிருந்தது. நான் எங்கே போயிருப்பேன் என்று ஊகித்து, மாலாவே ஆட்டோவில் அவள் சேலை வாங்கிய தெருவுக்கு வந்து, என்னை இழுத்துப்போனாள். நாங்கள் ஏறியதும் படியைத் தூக்கினார்கள். எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். அதற்கும் எரிந்தது.

இப்போதெல்லாம் எந்தத் துறைமுகத்திலும் கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரத்தோடுதான் இறங்குகிறேன். என்னைக் காப்பாற்றி அவள் இன்னொரு முறை பேர் வாங்க விடமாட்டேன்.