காஜா பேராங் வால்வும் பதினான்கு சுற்றும்

“ஆயேர் தடாக்! ஆயேர் தடாக்!”

காலை ஏழு மணிக்கு எங்கள் மலாக்கா தண்ணீர் இலாகா ஆபீஸ் வாசலில் காஜா பேராங் கம்பத்துப் பெண்கள், அதாவது அந்தக் கிராமத்துப் பெண்கள், இருபது பேர் நின்று போட்ட சத்தம் இது. தண்ணீர் இல்லை என்று அர்த்தம். மலாய் தெரியாதவனுக்கும் அவர்கள் கையிலிருந்த காலி வாளிகளைப் பார்த்தால் விஷயம் புரிந்திருக்கும். மறுநாள் அவர்களுடைய மாரியம்மன் கோயில் திருவிழா. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கம்பத்தில் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மலாய் நாடு சுதந்திரம் அடையச் சில மாதங்களே இருந்த நேரம். நான் ரெங்கசாமி, அந்த இலாகாவில் தினக்கூலிக்கு பைப் பிட்டர். பிறகு போர்மேனாகி ஓய்வு பெற்றேன். இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் கேட்டலாக்கில் படம் பார்த்துவிட்டு வால்வு முழுக்கத் தெரிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கும் இருபத்திரண்டு வயதில் அந்த நினைப்பு இருந்தது. அது எப்படிப் போனது என்பதை எழுதுகிறேன்.

1. எந்த வால்வு எதற்கு

ரோட்டடிப் பெரிய பைப்பில் இருப்பது கேட் வால்வு. உள்ளே ஒரு இரும்புக் கதவு. மேலேயுள்ள ஸ்பிண்டில் என்ற தண்டைத் திருகினால் கதவு ஏறும், இறங்கும். முழுக்கத் திறந்தால் தண்ணீர் தடையில்லாமல் நேராகப் போகும், முழுக்க இறக்கினால் நிற்கும். அதற்கு இந்த இரண்டு வேலைதான் தெரியும்.

தண்ணீரை அளவாக விட வேண்டுமானால் குளோப் வால்வு. அதற்குள் தண்ணீர் வளைந்து ஏறி இறங்கிப் போகும், அதனால் பிரஷர் கொஞ்சம் குறையும். ஆனால் கால் பங்கு, அரைப் பங்கு என்று எங்கே நிறுத்தினாலும் நிற்கும். நம் வீட்டுக் குழாயும் அதே சாதிதான்.

பம்பு ஹவுஸில் இருப்பது நான்-ரிட்டன் வால்வு. பம்பு நின்றதும் மேலே ஏறிய தண்ணீர் திரும்பி ஓடி வராமல் தடுக்கும். அதை யாரும் திருக வேண்டியதில்லை. எங்கள் ஆப்பரேட்டர் அதற்கு வீட்டோடு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார், உள்ளே வந்தவன் திரும்பமாட்டானாம். மேட்டில் பைப்புக்குள் சேரும் காற்றை வெளியேற்ற ஏர் வால்வு. டேங்க் நிரம்பியதும் தானே மூடிக்கொள்ள, செம்பு உருண்டை மிதக்கிற வால்வு. கால் சுற்றில் திறக்கிற பட்டர்ஃபிளை வால்வெல்லாம் என் வேலையின் கடைசிக் காலத்தில் வந்தவை, அவற்றைப் பற்றி என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள்.

2. எட்டுச் சுற்று

அந்த வருஷம் மழை பிந்திவிட்டது. ஏரியில் தண்ணீர் குறைந்தது. காஜா பேராங் கிளை பைப் வழியில் பாதித் தண்ணீர் போய்விட, கடைசியில் இருந்த தெங்கேராவுக்குக் காற்றுதான் வந்தது. தெங்கேராக்காரர்கள் கடிதம் மேல் கடிதமாக எழுதினார்கள்.

எங்கள் ஓவர்சியர் சிங்காரம் நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் காது சிவக்கும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“காஜா பேராங் வால்வு மொத்தம் இருவத்திரண்டு சுத்து. அதுல எட்டு சுத்து மட்டும் தொறந்து வை. தினமும் போய்ப் பாத்துக்க.”

எனக்கு ஒரே சந்தோஷம். வெள்ளைக்காரத் துரைகள் கிளம்பப் போகிறார்கள், தினக்கூலி ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. எங்கள் செக்‌ஷனுக்கு ஒரே ஒரு இடம். அதற்குப் போட்டி நானும் அருணாசலமும்.

அருணாசலம் காஜா பேராங் கம்பத்து மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்னே வந்து தமிழ் மறந்துபோன தமிழ் வம்சம். பெயர் அருணாசலம், நெற்றியில் விபூதி, வாயைத் திறந்தால் மலாய். எஸ்டேட்டிலிருந்து வந்த எனக்கு அப்படியும் ஆட்கள் உண்டென்று தெரியாது. முதல் நாள் நான் தமிழில் பேசப் பேச அவர் சிரித்துக்கொண்டே நின்றதைத் திமிர் என்று நினைத்துவிட்டேன். பிறகு நான் அவர்கள் வழக்கப்படி அவரை பாபா என்று கூப்பிட்டு மலாயில் பேசப் பழகினேன். இங்கே அவர் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

“ரெங்கா, அந்த வால்வை அரைகுறையாக வைக்காதே. அது அதற்குச் செய்ததில்லை” என்றார்.

இடம் எனக்குப் போய்விடும் என்ற பொறாமையில் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

3. தட்டுகிற சத்தம்

இரண்டாவது வாரம் வால்வுக் குழிக்குப் பக்கத்து வீட்டு பீபிக், அதாவது அந்த வீட்டுப் பெரியம்மா, என்னை நிறுத்தினார். “கீழே ஏதோ தட்டுகிறது. யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. எனக்குத் தூக்கமே இல்லை” என்றார்.

குழி மூடியைத் தூக்கிக் காது வைத்தேன். தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பாதியில் தொங்கிய கதவைத் தண்ணீர் அடித்து ஆட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வால்வைச் சரியாக வைக்கத் தெரியாதவன் என்று வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், இடமும் போய்விடும் என்ற பயம்.

“தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் பீபிக், ஆபீசில் சொல்லிவிட்டேன்” என்றேன். பொய். ஆறு வாரம் அந்தப் பொய்யை வைத்தே காலம் தள்ளினேன். அருணாசலமும் பீபிக்கிடம் விசாரித்து, ஆபீசுக்குத் தெரியும் என்று நம்பியிருந்தார்.

மழை வந்தது. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு வால்வை முழுக்கத் திறக்கச் சொன்னார் ஓவர்சியர். அன்று நான் கிளேபாங்கில் ஒரு லீக் பார்க்கப் போயிருந்தேன். அருணாசலம் டி-கீயை, வால்வு திருகுகிற அந்த நீளக் கம்பியை, எடுத்துப்போய், மிச்சம் பதினான்கு சுற்றைத் திறந்துவிட்டு வந்து ஆபீசில் சொன்னார். மறுநாள் காலையில்தான் அந்த வாளிக் கூட்டம்.

4. ஓவர்சியர் முன்னால்

கூட்டத்தில் ஒரு கிழவர் அருணாசலத்தைப் பார்த்து, “சர்க்கார் சோறு தின்கிறாய், சொந்தக் கம்பத்துக்கே தண்ணீரை மூடுகிறாயா?” என்று மலாயில் கத்தினார். அருணாசலம் காவடிக்கு விரதம் இருந்தவர். முகம் வாடிப்போய் நின்றார்.

உள்ளே ஓவர்சியரின் காது சிவந்திருந்தது. அருணாசலத்திடம் மலாயில் கேட்டுவிட்டு என்னிடம் தமிழில் திரும்பினார். “பதினாலு சுத்து தொறந்தேங்கிறான். தொறந்திருந்தா தண்ணி எங்கய்யா போச்சு? விரதம், கோயிலுன்னு அங்கயே உக்காந்திருப்பான். வால்வு பக்கமே போயிருக்க மாட்டான்.”

பிறகு அருணாசலத்திடம் மலாயில் ஒரே கேள்வி கேட்டார்: “தொறந்த பொறவு ஏதாச்சும் ஒரு குழாயப் பாத்தியா?”

அருணாசலம் இல்லை என்று தலையை அசைத்தார்.

“அவ்வளவுதான். லிஸ்ட்லருந்து இவன் பேர எடுத்துடுறேன். அடுத்த வாரத்துலருந்து வேலையும் கெடையாது. ரெங்கா, நீ போய்த் தொற.”

எனக்கு அப்போதே அந்தத் தட்டுகிற சத்தம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அதைச் சொல்லாமல் டி-கீயைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வால்வுக் குழியில் டி-கீயை மாட்டித் திருகினேன். கைக்குக் கொஞ்சமும் பாரம் தெரியவில்லை. இந்தப் பக்கம் இருபத்திரண்டு, அந்தப் பக்கம் இருபத்திரண்டு, கணக்காகச் சுற்றியது. ஸ்பிண்டில் சுற்றுகிறது, கதவு அதோடு இல்லை. கதவு பிடிப்பு விட்டு அடியில் விழுந்து பைப்பை அடைத்துவிட்டது. திறக்கும்போது கதவு தன் சீட்டை, அதாவது அடியில் உட்காரும் இடத்தை, விட்டுக் கிளம்பிவிட்டால் எந்த வால்வும் இலகுவாகத்தான் சுற்றும். அருணாசலம் அப்படித்தான் நினைத்திருப்பார்.

பீபிக் வாசலுக்கு வந்தார். “நேற்று சாயங்காலத்திலிருந்து தட்டவில்லையே, நல்லதுதானே?” என்றார்.

ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். வால்வு உடைந்துவிட்டது என்று மட்டும் சொல்லலாம். ஆனால் கடைசியாகத் திருகியவன் அருணாசலம். முரட்டுத்தனமாகத் திருகி உடைத்தான் என்று எழுதிவிடுவார்கள். அவருடைய வேலை தப்ப வேண்டுமானால் ஆறு வாரத்துச் சத்தத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நான் காலி.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஓவர்சியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ஆறு வாரமா தட்டுச்சா? ஏன்யா சொல்லல?”

“இடம் போயிடும்னு பயந்துட்டேன் சார்.”

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எட்டு சுத்துல வையின்னு சொன்னவன் நான்தானே. கேட் வால்வ அப்படி வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துல சின்ன பைப் போட்டு ஒரு குளோப் வால்வு வச்சுத்தான் அடக்கணும். ஸ்டோர்ல இல்ல. துரைகிட்ட எழுதிக் கேட்டு வாங்கற பொறும எனக்கில்ல. வா, போவோம். அவனையும் கூப்பிடு.”

5. கதவில்லாத வால்வு

தண்ணீர் வருகிற பக்கம் மேலே இருந்த இன்னொரு வால்வை மூடினோம். அருணாசலம் விரதத்தோடு முழங்கால் தண்ணீரில் குழிக்குள் இறங்கி போல்ட்டுகளைக் கழற்றினார். மேல் மூடி வந்தது, ஸ்பிண்டில் வந்தது. கதவு கீழேயே கிடந்தது. கம்பியால் கொக்கி போட்டு இழுத்தோம்.

ஸ்பிண்டில் நட்டைப் பிடிக்கிற இடத்தில் கதவு முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் முக்கால்வாசி கறுத்துத் துருப்பிடித்திருந்தது, ஓரத்தில் மட்டும் புதிதாகப் பளபளத்தது. விரிசல் பழையது, கடைசித் துண்டு மட்டும்தான் திறக்கும்போது விட்டது. ஓவர்சியர் அதைக் கையில் வாங்கி, கூடியிருந்தவர்களிடம் காட்டி மலாயில் சொன்னார்: “இவர் திறந்தது உண்மை. தப்பு எங்கள் ஆபீசுடையது.” காலையில் கத்திய கிழவர் வந்து அருணாசலத்தின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

புதுக் கதவு வரும்வரை என்ன செய்வது? கதவே இல்லாமல் மூடியைப் போட்டு முடுக்கினோம். மூட முடியாத வால்வு, ஆனால் தண்ணீர் போகும். மேல் வால்வை மெல்ல மெல்லத் திறந்தோம், அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய காற்று பைப்பை உடைத்துவிடும். குழாய்கள் முதலில் சீறின, பிறகு செம்மண் நிறத்தில் துப்பின, பிறகு தெளிந்தன. கம்பம் முழுக்க ஒரே சிரிப்பும் சத்தமுமாக வாளி வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டேன்.

துரைக்குப் போன அறிக்கையில் தன் உத்தரவையும் ஓவர்சியர் மறைக்கவில்லை. நிரந்தர இடம் அருணாசலத்துக்கு. நான் மேலும் இரண்டு வருஷம் தினக்கூலியாகவே இருந்தேன். சரியான தீர்ப்பு.

அன்று சாயங்காலம் கருவிகளைக் கழுவும்போது அவரிடம் கேட்டேன். “பாபா, நான் பயந்தவன், சொல்லவில்லை. மன்னித்துவிடு. ஆனால் நீ ஏன் குழாயைப் பார்க்கவில்லை? நீதான் எங்களில் கவனமான ஆள்.”

அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பீபிக் வீட்டில் குழாய் கிடையாது, வால்வுக்கு அடுத்த குழாய் என் அம்மா வீட்டுக் குழாய். நாற்பது அடி தூரம். அங்கே போனால் வேலை நேரத்தில் வீட்டுக்குப் போய்விட்டான் என்று யாராவது சொல்வார்கள். நிரந்தரம் ஆகிற நேரம். அதனால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.”

என் பயம் மட்டும்தான் அந்தக் கம்பத்தைத் தண்ணீரில்லாமல் தவிக்கவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எத்தனை சுற்றுத் திருகினாய் என்பது உன் கை செய்த வேலை. தண்ணீர் போனதா என்பதைக் குழாய்தான் சொல்லும். நான் போர்மேன் ஆன பிறகு எந்தக் கம்பத்து வால்வுக்கும் அந்தக் கம்பத்து ஆளையே அனுப்பினேன். அனுப்பும்போது ஆபீசில் எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொல்வேன்:

“தொறந்துட்டு நேரா உன் வீட்டுக்குப் போ. குழாயத் தொற. தண்ணி வந்தா ஒரு வாய் குடிச்சிட்டு வா. வேல நேரத்துல ஏன் வீட்டுக்குப் போனேன்னு எவனாச்சும் கேட்டா, நான்தான் போகச் சொன்னேன்னு சொல்லு.”