பட்டாசாலைக்கு வந்த கம்ப்யூட்டர்

நான் மதுரையில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரோடும் ஒரே நேரத்தில் பேசுவோம். கல்யாணமாகி வந்த அருப்புக்கோட்டை வீட்டிலோ மாமனார் மருமகளோடு நேராகப் பேசுகிற வழக்கமே இல்லை. கோபமெல்லாம் கிடையாது, மரியாதையாம். நான் செம்போடு எதிரே நின்றாலும், "அந்தப் புள்ளயத் தண்ணி குடுக்கச் சொல்லு" என்று அத்தையிடம்தான் சொல்வார் மாமா. முதல் வருஷம் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. நாலாவது வருஷம், இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். நான் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுகிறவள். வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. மதியம் அடுப்படி ஓய்ந்ததும் எங்கள் அறைக்குள் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிடுவேன். ஆடுவதை நெட்டில் நேரலையாகவும் போடுவேன். பார்க்கிறவர்கள் ஒரு பஸ் நிறுத்தத்துக் கூட்டம்கூடத் தேறமாட்டார்கள். மாமா பல வருஷம் பஞ்சு லோடு லாரி ஓட்டியவர், முட்டி போன பிறகு வீட்டோடு இருக்கிறார். நிஜ லாரி ஓட்டியவர் காதில் மருமகளின் பொம்மைக் கார் உறுமினால் என்ன நினைப்பார்?

பெண்களுக்கென்று நெட்டில் ஒரு ரேஸ் போட்டி அறிவித்திருந்தார்கள், நானும் பெயர் கொடுத்திருந்தேன். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது என் கார் விக்க ஆரம்பித்தது. வளைவில் ஒரு கணம் அப்படியே நிற்கும், மறுகணம் மண்ணில் கிடக்கும். கேமுக்கென்றே ஆசையாக வாங்கிய நெட்வொர்க் கார்டின் மேல் பழியைப் போட்டேன். அதன் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். பெட்டியைத் திறந்தால் பக்கத்துத் தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசி மெத்தை போட்டிருந்தது. கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கேபிளை மாற்றினேன். கரண்டு மிச்சம் பிடிக்க கார்டு தானாகத் தூங்கிவிடாமல் அந்த வசதியையும் அணைத்தேன். எதற்கு முதலிடம் என்று கார்டிடமே சொல்லலாம். கேமுக்கு முதலிடம், நேரலைக்கு அடுத்தது, மற்றதெல்லாம் கடைசி என்று வைத்தேன். அப்படியும் விக்கல் நிற்கவில்லை.

கடைசியில்தான் ரவுட்டருக்குள் போய்ப் பார்க்கத் தோன்றியது. வீட்டில் ஒரு போன் மதியம் முழுக்க லைனை உறிஞ்சிக்கொண்டிருந்தது. போன தடவை ஊருக்கு வந்த வீட்டுக்காரர், தான் வைத்திருந்த பழைய போனை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதேதான். படுத்துக்கொண்டு அரசியல்காரர்கள் சண்டையைப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று பொருமினேன். அந்த போனுக்கு மட்டும் வேகத்தை ஒட்ட நறுக்கிவிட்டேன். என் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது மாமா அத்தையிடம் சொன்னார்.

"அந்தப் புள்ள வண்டி நேத்து நின்னு நின்னு போச்சு. ஏதும் ரிப்பேரான்னு கேளு."

"ஸ்கூட்டியா? காலையிலதான மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்துச்சு."

"அது இல்ல. ஆட்டத்துல ஓட்டுதே, செவப்புக் காரு. படம் நகரவே மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம போட்டி வேற இருக்கு."

ரசம் ஊற்றப்போன என் கை நின்றுவிட்டது. "எம்புட்டு நாளாப் பாக்குறாகன்னு கேளுங்கத்தே" என்றேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செல்போன் டவரா?" என்றார் அத்தை.

மாமா தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "போன் வந்ததுல இருந்துன்னு சொல்லு. அதுக்கு முன்னால சத்தம் மட்டுந்தான். கதவுக்கு இந்தப்பக்கம் உக்காந்து கேப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரசச் சட்டியோடு அடுப்படிக்குள் ஓடினேன்.

வேகத்தைத் திருப்பிக் கொடுத்தால் என் கார் விக்கும். கொடுக்காவிட்டால் அவர் பார்க்க முடியாது. அறைக்குள் வந்து என் பின்னால் உட்கார்ந்தால் ஒரு தொல்லையும் இல்லை, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அந்த அறை வாசலை அவர் மிதித்ததில்லை, மிதிக்கவும் மாட்டார். அதனால் கம்ப்யூட்டரை எல்லோரும் புழங்குகிற முன்கூடத்துக்கே, பட்டாசாலைக்கே கொண்டுவந்தேன். கடைவீதியில் நீளக் கேபிள் வாங்கிவந்து, ஜன்னல் ஓரமாக இழுத்து, ஆணி அடித்தேன். ஆளுயர டிவி ஸ்டாண்டு மூலைக்குப் போனதில் அத்தைக்கு இரண்டு நாள் என்மேல் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, ஏதோ தெருவைப் பார்க்கிறவர் மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்தார். கடைசிச் சுற்றில் நான் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே கொண்டை ஊசி வளைவு.

"கியரக் கொறம்மா! கொற, கொற!"

முதுகுக்குப் பின்னால்தான் வந்தது குரல். எப்போது எழுந்து வந்தாரோ, என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை அப்போது அடுப்படியில் இருந்தார். நான் திரும்பி மாமா முகத்தைப் பார்த்தேன். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது.

"போச்சாம்மா?" என்று என்னிடமே கேட்டார்.

"போச்சு மாமா" என்றேன்.