அஞ்செட்டிச் சாலையில் கொள்ளு

1955, மாசி முதல் வாரம், பிற்பகல் மூன்றரை. அஞ்செட்டிக்குப் போகும் ஒரே பஸ் நடுச்சாலையில் நிற்கிறது. முன்னால் சாலை நெடுக, காய்ந்த கொள்ளுச் செடி பரப்பியிருக்கிறது. மேற்கே மேகம் கறுத்து வருகிறது.

நிறுத்தச் சொன்னவர் என் நண்பர். கிராம வாழ்க்கையைப் பார்க்கவென்று சென்னையிலிருந்து என்னோடு வந்தவர். "அன்னத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுவதா?" என்று டிரைவரை அதட்டுகிறார். இறங்கிப்போய்ச் செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். டிரைவர் முனகியபடி பஸ்ஸைச் சாலையை விட்டு இறக்கி, கொள்ளைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய் ஏற்றுகிறார்.

புளியமரத்தடியில் காத்திருந்த பெண் ஒருத்தி செடி புரட்டும் கவைக்கோலோடு ஓடிவந்து மறிக்கிறாள்.

"என்னா டிரைவரண்ணா, தெனமும் மேல ஏத்திட்டுத்தான போவ? இன்னிக்கு என்னா வந்துச்சி?"

"அந்த அய்யா கூடாதுங்கறாரு."

"அய்யா கொள்ள மிதிச்சி உதுக்கத் தாம்பு ஓட்ட மாடு புடிச்சாந்திருக்காரா? எங்கிட்ட மாடு கெடையாது. மழ வந்தா அத்தினியும் மொளச்சிப் போவும்."

நண்பர் அவளுக்கு மண்ணின் பண்பாட்டை விளக்கத் தொடங்குகிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ரயிலில் இதே பேச்சுக்கு வழிநெடுகத் தலையாட்டியவன் நான்தான்.

"வாயை மூடிக்கொண்டு ஏறுங்கள்" என்கிறேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

டிரைவர் பஸ்ஸைக் கொள்ளின் மேலேயே பின்னுக்கு எடுக்கிறார். சக்கரத்தின் கீழ் நெற்றுகள் படபடவென்று வெடிக்கின்றன. நண்பர் காதைப் பொத்திக்கொள்கிறார். பஸ் மறுபடி முன்னால் வருகிறது. அவள் செடியைப் புரட்டிப் போட்டுவிட்டு நண்பரின் ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறாள்.

"அய்யா கும்புட்டதுக்கு இன்னொரு வாட்டி ஏத்துண்ணா."