வெயில் ஊருக்கு வந்த கம்பளி பூட்ஸ்

செருப்பும் பூட்ஸும் விற்கும் ஜோட்டுக் கடை வேலை என்பது நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் வேலை; நிமிர்ந்துவிட்டோம் என்றால் வந்தவர் வாங்காமல் போய்விட்டார் என்று அர்த்தம். அடுத்தவர் குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டு, உங்களுக்கென்றே தைத்தது மாதிரி இருக்கிறது என்று கூசாமல் சொல்லிச் சோறு தின்ற சகாக்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கடையில் சேர்ந்தேன். அதற்கு முன் இரண்டு வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று உள்ளங்கால் பாளம் பாளமாக வெடித்து, தரையில் ஊன்ற முடியாமல் விளிம்பாலேயே நடந்து பழகியிருந்தேன். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தது எனக்கு மறுபிறவி மாதிரி. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

நக்கிப் பார்த்து வாங்கிய சரக்கு

கப்பலில் வந்த தோலை எங்கள் ஊரில் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கடல் தண்ணீர் பட்ட தோல் ஆறு மாசத்தில் வெடித்துவிடும். கண்ணுக்குத் தப்பிய உப்பு நாக்குக்குத் தப்பாது. உப்பளத்திலிருந்து வந்தவன் என்பதால் என் நாக்குக்குக் கடையில் தனி மரியாதை. பட்டாளத்தில் மிச்சமான சாமான்களைத் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் ஏலம் விட்டபோது அண்ணாச்சி என்னையும் கூட்டிப் போனார். மூன்று கோணி பூட்ஸ். ஒவ்வொரு கோணியிலும் கைவிட்டு ஒன்றை எடுத்து, அடித்தோல், வார், விளிம்பு எல்லாவற்றையும் நக்கினேன். உப்பே இல்லை. தைரியமாகக் கேளுங்கள் என்று தலையாட்டினேன்.

கடைக்கு வந்து ஒரு பூட்ஸுக்குள் கையை விட்ட அண்ணாச்சி, பூச்சி கடித்தவர் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளே முழுக்க ஆட்டு ரோமம், இரண்டு விரல்கடை கனத்துக்கு. பனி கொட்டுகிற தேசத்துக்குப் போகவேண்டிய சரக்கு. வெளியே அவ்வளவு நக்கியவன் உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்க்கவில்லை. அது ஐப்பசி மாசம். மழை வராமல் புழுங்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி சத்தம் போடுகிற ஆள் இல்லை. வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மாசி பொறக்கதுக்குள்ள இது அம்புட்டும் வெளிய போகணும்லே. இல்லைன்னா நீ பழையபடி உப்பளத்துக்கே போயிரு.”

கொழும்புக் கப்பலுக்குக் காத்திருந்த கங்காணி

முதலில் சிக்கியவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர். கொழும்புக் கப்பலுக்கு நேரம் இருந்ததால் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய துரைக்குக் காட்டுப் பன்றி வேட்டையில் பைத்தியமாம். பனிப் புல்லில் பின்னாலேயே ஓடி இவருக்குக் கால் மரத்துப்போகிறதாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிடித்து உட்கார வைத்து, காலோடு ஒட்டினாற்போல் ஒரு ஜோடியை மாட்டிவிட்டேன். எங்கள் ஊர் வேர்வைக்குத் தோல் தளர்ந்துவிடும் என்பதால் இறுக்கிப் போடுவதே எங்கள் தொழில் சாமர்த்தியம்.

அவர் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெட்டியைத் திறந்து கம்பளிக் காலுறை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு, ஒரு அளவு பெரிய ஜோடியைக் கேட்டார். விரல் அசையாவிட்டால் குளிர் முதலில் விரலைத்தான் பிடிக்கும் என்றார். கூட வந்தவர்களுக்கும் அவரே அளவு பார்த்துக் கொடுக்க, ஒரு கோணி காலியானது. போகும்போது என் தோளைத் தட்டினார்: “தம்பி, நீ செருப்புக்கு அளவு பாக்குற. இது விரலுக்கு வீடு. நடமாட இடம் விட்டுக் கட்டணும்.”

வக்கீலய்யாவின் வாத்து வேட்டை

மார்கழியில் ஆற்றுப் பாசனக் குளங்களுக்கு வெளியூர் வாத்துகள் வந்து இறங்கும். அவற்றைச் சுடுவதற்கென்றே துப்பாக்கி வைத்திருந்தார் ஒரு வக்கீலய்யா. விடியற்காலைப் பனியில் குளக்கரையில் உட்காருவதற்கு இதைவிட நல்ல பூட்ஸ் உலகத்திலேயே இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். எங்கள் மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துண்டு போதும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பூட்ஸில் அவர் கம்பீரமாகத்தான் இருந்தார்.

இரண்டாம் நாள் கட்டுக்கட்டின காலோடு வில்வண்டியில் வந்து இறங்கினார். எட்டு மணி வெயில் ஏறியதும் பூட்ஸுக்குள் வேர்வை ஊறி, காலை வெளியே எடுக்கவும் முடியாமல் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு ஆட்களை வைத்து இழுத்திருக்கிறார். பூட்ஸை மேஜையில் வைத்துவிட்டு வக்கீல் குரலில் சொன்னார்: “வாத்து அம்புட்டும் தப்பிச்சிட்டுவே. வெந்தது என் காலுதான்.”

கடலுக்குப் போன ஜோடி

முத்துக்குளிப்பு இல்லாத வருஷம் அது. சங்கு குளிக்கிறவர்களுக்குத்தான் வேலை. மூழ்கி எழுந்து தோணியில் உட்காரும்போது வாடைக்காற்றில் பல் தந்தியடிக்கும். அப்படி ஒருவர், அந்தோணி என்று பெயர், தோணியில் இருக்கும்போது கால் சூட்டுக்கு உதவுமா என்று கேட்டு வந்தார். உதவும் என்றதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு பூட்ஸையும் தண்ணீர் நிறைந்த செம்பு ஏந்துவது போல நேராகப் பிடித்துக்கொண்டு வந்தார். கரையேறும்போது சறுக்கி இரண்டு காலும் கடலுக்குள் போய்விட்டதாம். பூட்ஸ் நிறைந்து நங்கூரம் மாதிரி இழுக்க, தோணிக் கயிற்றைப் பிடித்ததால் தப்பினாராம். ஆழத்தில் விழுந்திருந்தால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? அவர் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸை வாங்கிக்கொண்டேன். அவரோ கோபப்படவே இல்லை: “நல்ல பூட்ஸ்தான்வே. உள்ள வந்த தண்ணிய வெளிய விடவே மாட்டேங்கு.”

பேச்சியம்மாள் கொண்டுவந்த ஓலை

தை பிறந்து பொங்கலும் ஆனது. இரண்டு கோணி அப்படியே இருந்தது. அண்ணாச்சி காலண்டரைக் கிழிக்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார். அந்தச் சமயத்தில் முத்தையாபுரம் பக்கமிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் வந்தாள். புருஷன் சுடலைமுத்து கொடைக்கானலுக்கு மேலே மலையில் ஒரு மீன் பண்ணையில் வேலை பார்க்கிறான். துரைமார் தூண்டில் போடுவதற்காக வளர்க்கும் மீன் அது. ஓடைத் தண்ணீர் ஐஸாக இருந்தால்தான் பிழைக்குமாம். பொங்கலுக்கு வந்திருந்தவன் காலைப் பார்த்துவிட்டு, அவன் தூங்கும்போது பனையோலையை நறுக்கி அளவெடுத்து வந்திருந்தாள். பாதம் பூரா வெடிச்சு ரத்தம் கசியுது என்றாள். எனக்கு என் உப்பளத்துக் கால் ஞாபகம் வந்துவிட்டது.

வாங்க வந்தவளிடம் விற்கக் கூடாத காரணங்களைச் சொன்னேன். தண்ணீருக்குள் இறங்கினால் ஆபத்து என்றேன். வெயிலுக்கு ஆகாது என்றேன். தண்ணீரில் நிற்பது கொஞ்ச நேரம்தான், நீர்நாய் வராமல் பாறையிலும் பனிப் புல்லிலும் காவல் நிற்பதுதான் மிச்ச நேரமெல்லாம் என்றாள் அவள். கரையில் மட்டும் போடச் சொல்லு என்று மூன்று தடவை சொன்னேன். படுத்திருந்த காலின் அளவு நிற்கும் காலுக்குப் போதாது. விரல் நடமாட்டத்துக்கும் காலுறைக்கும் சேர்த்து ஓலையைவிடப் பெரிய ஜோடியை எடுத்து வைத்தேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். இதற்குள் அவன் முழுசாக இறங்கிவிடுவானே என்று சந்தேகப்பட்டாள். பிறகு இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்: “சேரலைன்னா அவுகளையே கூட்டிட்டு வாரேன் அண்ணே. நீங்களே நேர்ல பதில் சொல்லுங்க.”

மேல்மலையில் ஒரு காலை

தை இருபதுக்கு மேல் ஒரு கார்டு வந்தது. சுடலைமுத்து யாரையோ வைத்து எழுதியிருந்தான். கால் ஆறிவருகிறது, கூட வேலை செய்பவர்களுக்கும், துரைமாரோடு வேட்டைக்குப் போகும் ஆட்களுக்கும் வேண்டும் என்று மேஸ்திரி சொல்கிறார், ஆனால் ஆளுக்கு ஒரு கால் அளவு, எல்லாவற்றையும் ஓலையில் அனுப்ப முடியாது, சரக்கோடு வந்தால் உண்டு. அண்ணாச்சி கார்டை இரண்டு முறை படித்துவிட்டு, போய்ட்டு வா என்று மட்டும் சொன்னார்.

ரயில், பஸ், அதன்பின் கோவேறு கழுதை. விடிந்தபோது பண்ணை வாசலில் நின்றேன். புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. எங்கள் ஊரில் அப்படி இருந்தால் அது உப்பு. இது மிதித்தால் நொறுங்கியது. மேல் துண்டும் வார்ச் செருப்புமாக நான் போயிருந்தேன். ஆட்களை வரிசையாக உட்கார வைத்து ஒவ்வொருவரையும் இரண்டு காலுறையோடு போட்டுப் பார்க்கச் சொன்னேன். மேட்டில் ஏறச் சொன்னேன், பள்ளத்தில் இறங்கச் சொன்னேன். இறங்கும்போது கட்டைவிரல் நுனி இடித்தால் அளவு மாற்று. ஏறும்போது குதிகால் கழன்றால் வாரை இழு. இதையெல்லாம் அங்கேதான், அவர்கள் நடையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு கிழவனாருக்கு இடது கால் பெரிது. இரண்டு ஜோடியைப் பிரித்துச் சரிசெய்தேன்.

பாதியிலேயே என் கால்விரல்கள் என்னுடையவையாக இல்லை. முதலில் எரிந்தது, பிறகு குத்தியது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாசமாகக் குளிருக்கு இதம், குளிருக்கு இதம் என்று கூவியவனுக்குக் குளிர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சியது கிழவனாருக்குப் பிரித்ததில் ஒதுங்கிய ஜோடி மட்டும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அதற்குள் காலை விட்டேன். ரோமம் காலைச் சுற்றிக்கொண்டது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. சுடலைமுத்து நெருப்புச் சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னான்: “இப்பந்தான் அண்ணே, நீங்க விக்கிற சரக்கை நம்பலாம்னு தோணுது.”

மாசிக்கு முந்தின நாள்

அந்தப் பொருந்தாத ஜோடியோடுதான் தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்கினேன். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கால் வெந்தாலும் கழற்ற மனசில்லை. கடையில் காலிக் கோணிகளை மடித்து வைத்துவிட்டு, என்ன சொல்வாரோ என்று காத்து நின்றேன். அண்ணாச்சி என் காலைப் பார்த்தார், கோணியைப் பார்த்தார், அப்புறம் மடியை அவிழ்த்தார். அதுவரை எவர் கையிலும் அவர் தராத கடைச் சாவி அதில் இருந்தது. “பிடிலே. நாளைக்கு நீயே கடையைத் தொற. மொதல்ல அந்தக் கண்றாவியக் கழத்து.”

அடுத்தவர் காலுக்குச் சூடு விற்பதற்கு முன் விற்பவன் கால் ஒரு தடவையாவது விறைக்க வேண்டும் என்பதை, கடற்கரையில் கற்றுக்கொள்ள வழியில்லாமல் மலையேறிப் போய்த் தெரிந்துகொண்ட ஜோட்டுக் கடைக்காரன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.